ஏழு எழுத்து

டிசம்பர் பிறந்துவிட்டால் வேம்பநாட்டுக் காயல் பக்கம் பொழுது விடிவதற்கு முன்பே வாத்துகளின் கூச்சல் தொடங்கிவிடும். சாக்கோச்சனின் கூட்டில் மட்டும் ஆயிரத்து நூறு வாத்துகள். அத்தனையும் ஒன்றாக வாயைத் திறந்தால் அக்கரை மாதா கோயில் மணி இக்கரைக்குக் கேட்காது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மணிச்சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. வள்ளத்தைக் கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தவர் கோலை நீருக்குள்ளேயே நிறுத்திக் காது கொடுத்தார்.

பனி இன்னும் விலகவில்லை. புதிதாக விதைத்திருந்த வயலுக்கும் கால்வாய்க்கும் நடுவே ஓடிய கரையில் கூடு நின்றது. வலையும் தகரமும் ஓலையுமாய்க் கட்டிய கூடு. அதன் பலகைக் கதவில் தாரைத் தொட்டு எழுதிய எழுத்து: ‘கதவை மூடணுமே.’ அவர் மனைவி ஏலிக்குட்டி எழுதியது. கூட்டாளி குட்டப்பன் ஒரு நாளும் கதவை மூடிவிட்டு வரமாட்டார். ஒருமுறை கீரி புகுந்து இருபது குஞ்சுகளைக் கடித்துப் போட்டுவிட்டுப் போனது. மறுநாள் ஏலிக்குட்டி தார்ச்சட்டியும் தென்னைமட்டைத் துண்டுமாக வந்து நின்று எழுதிவிட்டுப் போனாள். குட்டப்பன் அதைப் படித்துவிட்டு, தனக்கு எழுத்து தெரியாது என்று சொல்லிச் சிரித்தார். நாலாம் வகுப்புவரை படித்த மனுஷன்தான். அதன் பிறகும் கதவை மூடியதில்லை.

அன்றைக்கும் கதவு திறந்துதான் கிடந்தது. குட்டப்பன் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின்மேல் குந்தியிருந்தார். வாயில் பீடி இல்லை. அதைப் பார்த்ததுமே சாக்கோச்சனுக்குப் பாதி விளங்கிவிட்டது.

“எத்தன?”

“செத்தது பதினாலு. சுத்திக்கிட்டு இருக்கிறத எண்ணல.”

சாக்கோச்சன் உள்ளே போனார். கிறிஸ்துமஸுக்கென்று தீனி போட்டுக் கொழுக்க வைத்த வாத்துகள். சில ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தன. சில கழுத்தைப் பின்னால் திருகி வானத்தைப் பார்த்தபடி நின்றன. ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தார். கண் நீலம் பாய்ந்து வெளுத்திருந்தது. அவர் யார் என்று அதற்குத் தெரியவில்லை. சோறு வடித்த கஞ்சியில் தவிடு பிசைந்து இதே கையால் ஊட்டி வளர்த்தது. கீழே விட்டதும் அதுவும் வட்டமடிக்கத் தொடங்கியது.

மிருக ஆஸ்பத்திரி டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் வேறு இரண்டு ஊர்களில் மாட்டிக்கொண்டிருந்தார். கூட்டுக்குள் நடப்பதை ஐந்து நிமிஷம் வீடியோ எடுத்து அனுப்பினால் அதைக் காட்டி இன்றைக்கே மாதிரி எடுக்க ஆளை அனுப்பச் சொல்கிறேன் என்றார். இல்லையென்றால் வியாழக்கிழமை ஆகும். வியாழன் வரைக்கும் பொறுத்தால் பக்கத்துக் கூடுகளும் காலியாகிவிடும்.

ஃபோன் மகள் ஜின்ஸியுடையது. சாக்கோச்சனின் ஃபோன் மழைக்காலத்தில் கால்வாயில் விழுந்து சேற்றோடு போயிற்று. அதிலிருந்து வீட்டில் ஒரு ஏற்பாடு. விடிந்ததிலிருந்து பத்து மணி வரை ஃபோன் அப்பச்சனுக்கு. பத்து மணிக்கு மேல் மகளுக்கு. அதன் பிறகு யார் கூப்பிட்டாலும் அவள் எடுக்கமாட்டாள்.

பத்து மணிக்கு மேல் ஜின்ஸி செய்கிற வேலை சாக்கோச்சனுக்கு ஒரு கண்கட்டு வித்தை. ஃபோனில் ஒரு வயரைச் செருகி மறுமுனையைச் சுவரில் தொங்கும் டிவியில் மாட்டுவாள். ஒரு கீபோர்டையும் மவுஸையும் மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். டிவி கம்ப்யூட்டராகிவிடும். ஆகஸ்ட் வெள்ளத்தில் லேப்டாப் மூழ்கிய பிறகு அவள் கண்டுபிடித்த வழி அது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே லினக்ஸில் பழகிய பிள்ளை, ஒரு முழு லினக்ஸையும் ஃபோனுக்குள் இறக்கி நிறுவியிருந்தாள். ஃபோன்தான் கம்ப்யூட்டர், டிவி வெறும் கண்ணாடி என்று அப்பனிடம் ஒரு நாள் பொறுமையாக எடுத்தும் சொன்னாள். அவர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். அந்த நேரத்தில் அவர் தவிட்டு மூட்டையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அவள் என்ன செய்கிறாள் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். அறுப்பு முடிந்ததும் வாத்துக்காரர்கள் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு திருச்சூர், பாலக்காடு என்று வயல் வயலாக மூன்று நாலு மாதம் அலைவார்கள். முட்டை எடுக்க வரும் லாரிக்காரர் கையில் ஏலிக்குட்டி கடிதம் கொடுத்தனுப்புவாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது, பலாவில் பிஞ்சு பிடித்தது, தலைக்கு எண்ணெய் வைக்காமல் வெயிலில் நிற்கவேண்டாம். எல்லாம் அந்த மாதிரிதான். இருபது வருஷத்தில் நூற்றுக்கு மேல் கடிதங்கள். சாக்கோச்சன் ஒன்றுக்கும் பதில் எழுதியதில்லை. ஒன்றையும் தூக்கி எறிந்ததும் இல்லை.

ஏலிக்குட்டி போன டிசம்பரில் போய்ச் சேர்ந்தாள். ஆகஸ்டில் வெள்ளம் வந்து கடிதப்பெட்டி மூழ்கியது. ஜின்ஸி அடுப்புக்கு மேல் கயிறு கட்டி ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, மை கரைந்து ஓடுவதற்குள் படமெடுத்து முடித்தாள். ஒரே வாரத்தில் காகிதமெல்லாம் பூசணம் பிடித்துக் கூழாகிவிட்டது. அந்தப் படங்களை வைத்து அம்மாவின் கையெழுத்தைக் கம்ப்யூட்டர் எழுத்தாக வார்க்கத் தொடங்கினாள். மலையாளத்தில் பழைய முறைப்படி கூட்டெழுத்துகளையும் சேர்த்தால் தொள்ளாயிரம் வடிவம் வரும். நாளுக்கு எட்டு, பத்து என்று வரைந்து எண்ணூற்று அறுபதை முடித்துவிட்டாள். இருபதாம் தேதி அம்மாவுக்கு முதல் ஆண்டு நினைவு. அன்றைக்கு மாதா கோயிலில் கொடுக்கும் நினைவு அட்டை முழுவதும் ஏலிக்குட்டியின் கையெழுத்தில் அச்சாக வேண்டும். பிறகு அந்த எழுத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் புழங்கட்டும் என்று பொதுவில் விடுவதாக இருந்தாள். அதற்கு முன்னால் தோழி ஒருத்தி கேட்டும் அனுப்பவில்லை. பாதி அம்மாவை யாருக்கும் காட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அன்று காலை ஜின்ஸி ஆண்டுப் பூசைக்கு நேரம் குறிக்க மாதா கோயில் பாதிரியார் அச்சனைப் பார்க்கப் படகேறிப் போயிருந்தாள்.

சாக்கோச்சன் ஃபோனைத் தூக்கிப் பிடித்து அழுத்தினார். இடமில்லை என்றது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதையே சொன்னது. வாத்துக்காரர்கள் குழுவில் வந்த காலை வணக்கப் படங்கள், பூங்கொத்துகள், புனிதர்கள், வேறு ஊரில் செத்த வாத்துகளின் வீடியோக்கள் எல்லாவற்றையும் குட்டப்பன் ஒவ்வொன்றாகத் தொட்டு அழித்தார். அழித்ததெல்லாம் ஃபோனின் குப்பைத்தொட்டியில்தான் போய்க் கிடக்கும், இடத்தை விடாது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. பன்னிரண்டாவது முறையும் இடமில்லை என்றே சொன்னது. இதற்குள் கூட்டில் இன்னும் மூன்று விழுந்துவிட்டன.

எது எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று ஃபோனே ஒரு பட்டியல் போட்டுக் காட்டியது. உச்சியில் ஒரு கறுப்புக் கட்டம். அதற்குள் ஓர் அம்புக்குறியும் ஒரு கோடும். முப்பத்தொரு ஜிபி.

“இவன் யாருடா, பாதி வீட்ட வளைச்சுப் போட்டுட்டுப் படுத்திருக்கான்?” என்றார் குட்டப்பன்.

“மோளோட கம்ப்யூட்டர் சமாச்சாரமா இருக்குமோ?”

“எடா சாக்கோ, அவ கம்ப்யூட்டர் டிவியில இருக்கு. நீதான தினம் பாக்குற? டிவிய இங்க தூக்கிட்டா வந்திருக்கோம்?”

அதில் நியாயம் இருப்பதாகவே சாக்கோச்சனுக்குப் பட்டது. மகள் எழுத்து வரைவதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். டிவியில்தான் வரைவாள். ஏலிக்குட்டியின் எழுத்து ஒரு முழ அகலத்துக்குப் பெரிதாகி அங்கே நிற்கும். வீட்டுச் சுவரில் பத்திரமாகத் தொங்குகிறது. ஃபோனுக்குள் இருப்பது வேறு ஏதோ குப்பை. அவர் கறுப்புக் கட்டத்தைத் தொட்டார். நிஜமாகவே எடுத்துவிடவா என்று ஃபோன் ஒருதடவை கேட்டது. கேட்டதைப் படித்துப் பார்த்துத்தான் சரி என்று அழுத்தினார். இரண்டு நொடிகூட ஆகவில்லை.

அதன் பிறகு ஃபோன் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வீடியோ எடுத்தது. அவர் கரையில் நின்று தொடங்கி, கதவு வழியாக உள்ளே போய், வட்டமடிக்கிறவற்றையும் கழுத்து திருகியவற்றையும் செத்தவற்றையும் ஐந்து நிமிஷம் எடுத்தார். கூட்டுப் பக்கம் பேசுகிற அளவுக்குத்தான் சிக்னல்; வீடியோ போக வேண்டுமானால் படகுத்துறைக்குப் போகவேண்டும். அங்கே நின்று அனுப்பிவிட்டு, பத்து அடிக்கும் முன்பே வீடு வந்து சேர்ந்தார். சொன்ன நேரம் தவறக்கூடாது என்று அந்த நிலையிலும் அவருக்கு இருந்தது.

ஜின்ஸி அப்போதுதான் வந்து ஈரச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இருபதாம் தேதி காலை ஏழு மணிப் பூசை கிடைத்துவிட்டது என்றாள். அப்பனின் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். அவர் வாத்துகளைப் பற்றிச் சொன்னார். அவள் கஞ்சியை ஊற்றி, சுட்ட அப்பளத்தையும் பயறையும் தள்ளி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் சிறிது நேரம் கை வைத்திருந்தாள். பிறகு எழுந்து ஃபோனில் வயரைச் செருகினாள்.

டிவி நீலமாகவே நின்றது. அவள் ஃபோனைக் கையில் எடுத்துத் தேடினாள். முன்னால் தள்ளினாள், பின்னால் தள்ளினாள். வயரைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். சாக்கோச்சன் கஞ்சியைக் குடித்துக்கொண்டே பார்த்தார். அவருக்கு இன்னும் ஒன்றும் உறைக்கவில்லை.

“அப்பச்சா, ஃபோன்ல எதையாச்சும் எடுத்தீங்களா?”

“இடமே இல்லைன்னுச்சு மோளே. படமெல்லாம் அழிச்சுப் பாத்தோம், கேக்கல. ஒரு கறுப்புக் கட்டம் பெருசா இருந்துச்சு. அத எடுத்த பிறகுதான் வீடியோ விழுந்துச்சு.”

அவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

“உன் எழுத்தெல்லாம் டிவியில இருக்குமில்ல?” என்றார் அவர்.

“டிவியில ஒண்ணும் இல்ல அப்பச்சா. டிவி கண்ணாடி. அந்தக் கறுப்புக் கட்டம்தான் கம்ப்யூட்டர். அத எடுத்தா உள்ள இருக்கிற மொத்தமும் அதோட போயிரும். லெட்டர் படத்தையும் அதுக்குள்ளதான் மாத்தி வச்சிருந்தேன்.”

“திரும்ப எடுக்க முடியாதா?”

“முடியாது.”

அவர் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை. மெமரி கார்டு ஒன்று வாங்கி நகல் எடுத்து வைத்திருக்க வேண்டும், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டது தன் தப்பு என்று, யாரிடமோ கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். பிறகு அடுக்களைக்குப் போய்விட்டாள். அங்கே பாத்திரம் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. கழுவ அவ்வளவு பாத்திரம் அந்த வீட்டில் கிடையாது.

ஏலிக்குட்டி செத்த அன்று சாக்கோச்சன் அழவில்லை. பெட்டி நிறையக் கடிதம் இருக்கிறது என்கிற ஒரு தைரியம். அவற்றை வெள்ளம் கொண்டுபோனபோதும், மகள் பிடித்து வைத்துவிட்டாள் என்று தேற்றிக்கொண்டார். இப்போது அவர் விரலே அவளை அழித்துவிட்டது. அடுக்களைக்குள் போய் ஒரு வார்த்தை சொல்ல எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து படிக்கட்டில் உட்கார்ந்து கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடியோ மட்டும் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அன்று மாலையே ஆட்கள் வந்து மாதிரி எடுத்துப் போனார்கள். நாலாம் நாள் முடிவு வந்தது. பறவைக் காய்ச்சல்தான். சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கோழி உட்பட ஒன்றையும் மிச்சம் வைக்கக்கூடாது. மறுநாள் காலையில் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிய பன்னிரண்டு பேர் இரண்டு படகுகளில் வந்து இறங்கினார்கள். முகம் தெரியாததால் யாரிடம் பேசுவது என்றே புரியவில்லை. அவர்களில் ஒருவர் சாக்கோச்சனிடம், சேட்டா, வீட்டுக்குப் போய்விடுங்கள், பார்க்கவேண்டாம் என்றார். சின்ன வயசுக் குரல். சாக்கோச்சன் போகவில்லை.

எழுநூற்றுச் சொச்சம் உயிரோடு இருந்தன. அவை அவரைப் பார்த்ததும் தீனி என்று நினைத்து வலையோரம் கூடிக் கத்தின. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. கரையில் குழி வெட்டி, விறகும் மட்டையும் அடுக்கிக் கொளுத்தினார்கள். பிறகு கூட்டையும் பிரித்து, ஓலை, வலைக்கம்பு, தீனித்தொட்டி, கதவு என்று ஒன்று விடாமல் தீயில் எறிந்தார்கள். புகை வயலின்மேல் படர்ந்து நின்றது. காற்றே இல்லை.

ஜின்ஸி ஒரு பாத்திரத்தில் பால் விடாத கட்டன்சாயாவும் வேகவைத்த கப்பைக்கிழங்கும் எடுத்துக்கொண்டு வள்ளத்தில் வந்தாள். ஐந்து நாளாக வீட்டில் சோறு வை, தண்ணீர் எடு என்பதற்கு மேல் பேச்சில்லை. அவள் அப்பனுக்கும் குட்டப்பனுக்கும் சாயாவை ஊற்றிக் கொடுத்தாள். குட்டப்பன் டம்ளரை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

“பெருசா இருக்கிறத எடுக்கச் சொன்னது நான்தான் மோளே. அவன் தயங்கினான். என்னத் திட்டு.”

“திட்டி என்ன குட்டப்பன் சேட்டா. சாயா ஆறுது, குடிங்க.”

அவர் குடிக்கவில்லை. கரையில் நின்று தீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. நஷ்டஈட்டு விண்ணப்பத்தோடு சேர்க்க அந்த வீடியோவை மறுபடி அனுப்பச் சொன்னார்கள். ஃபோனின் சிறிய திரையில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்று ஜின்ஸி வயரை எடுத்து டிவியில் மாட்டினாள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வயரை அவள் தொட்டது அதுவே முதல் தடவை. சாக்கோச்சன் வாசலில் நின்றார். உள்ளே வர மனமில்லை.

டிவியில் கரை தெரிந்தது. பனி தெரிந்தது. படம் ஆடி ஆடிக் கூட்டை நெருங்கியது. பாதி திறந்து கிடந்த கதவு ஒரு நொடி திரை முழுக்க வந்து போனது. பிறகு வாத்துகள். ஜின்ஸி வாத்துகளைப் பார்க்கவில்லை. பின்னால் ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள். கதவு வந்த இடத்தில் நிறுத்தினாள்.

‘கதவை மூடணுமே.’

அப்பனும் மகளும் அதைப் பார்த்தபடி இருந்தார்கள். இருவரும் எத்தனையோ நூறு தடவை அந்தக் கதவைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். கடிதத்தில் இருந்ததுதான் எழுத்து. இது கதவில் இருந்தது. படமெடுத்து வைக்கவேண்டிய ஒன்று என்று யாருக்கும் தோன்றவில்லை. பலகை சாம்பலாகி இரண்டு நாள் ஆகிவிட்டது. தார் வழிந்து ‘மூ’வின் வால் கீழே இழுத்திருந்தது. ஏலிக்குட்டி கடிதத்திலும் அந்த வாலை அப்படித்தான் இழுப்பாள்.

“இதுல எத்தன எழுத்து இருக்கு மோளே?”

“ஏழு.”

“ஏழ வச்சு ஆரம்பிக்க முடியுமா?”

ஜின்ஸி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஏழ வச்சு வேற என்னத்த எழுதறது அப்பச்சா? அம்மா எழுதினதத்தான் எழுதலாம்.”

அவர் உள்ளே வந்து அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இருட்டும்வரை டிவியை அணைக்கவில்லை.

மறுநாள் படகுத்துறையில் சிக்னல் கிடைக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, அவள் லினக்ஸை மறுபடி ஃபோனில் இறக்கினாள். அதற்கு ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. கறுப்புக் கட்டம் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. உள்ளே ஒன்றும் இல்லாததால் கொஞ்சம் இடம்தான் பிடித்தது. ஏழு எழுத்தையும் இரண்டு நாள் இழைத்து இழைத்து வரைந்தாள்.

இருபதாம் தேதி பூசை முடிந்து கோயில் வாசலில் நினைவு அட்டையைக் கொடுத்தார்கள். ஏலிக்குட்டியின் படம், பிறந்த நாள், இறந்த நாள், ஒரு ஜெபம், எல்லாம் அச்சகத்து எழுத்து. படத்துக்குக் கீழே மட்டும் கோணலாக ஒரு வரி: கதவை மூடணுமே. இது எந்த வேதவசனம் என்று ஒரு கிழவி கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தேடினாள். அச்சனும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சாக்கோச்சனிடம் மெதுவாக விசாரித்தார். அது அவள் எழுதியது என்று மட்டும் சாக்கோச்சன் சொன்னார்.

ஆண்டுச் சாப்பாட்டுக்கு வாத்துக்கறியும் அப்பமும் வைப்பதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். வாத்துக்காரன் வீட்டிலேயே அன்றைக்கு வாத்து இல்லை. கப்பையும் மீன்குழம்பும் வைத்தார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு நாலு மணிப் படகுக்கு எழுந்துவிட்டார்கள். கடைசியாக எழுந்தவர் குட்டப்பன். அன்றைக்கு முழுக்க அவர் ஒரு கேலிப் பேச்சுப் பேசவில்லை. அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். படியில் இறங்கி நின்று அதை எடுத்து ஒருமுறை பார்த்தார். பிறகு திரும்பிப் படியேறி வந்து, வீட்டு வாசலின் இரண்டு கதவையும் வெளியிலிருந்து இழுத்து, இடைவெளியில்லாமல் சேர்த்து மூடினார்.

உள்ளே திடீரென்று இருட்டிவிட்டது. ஜின்ஸி விளக்கைப் போட எழுந்தாள். இருக்கட்டும் மோளே என்றார் சாக்கோச்சன்.